காம்புப் பக்கம்

கத்தரிப் பூவுக்குப் பல் விளக்கிவிட்டுக்கொண்டிருக்கிறார் லிஃப்ட்காரர். காலை ஆறரை மணி. பேட்டரியில் ஓடும் பல் பிரஷ் ஒன்றை, தன் பல்லுக்கு ஒருநாளும் காட்டாத அதை, பூவின் பின்னால் காம்பில் வைத்து மூன்று எண்ணும் வரை அழுத்துகிறார். ஊதாப் பூவின் நடுவிலிருந்து மஞ்சள் தூள் பொலபொலவென்று உதிர்கிறது. அடுத்த பூ. கண்ணாடி அறைக்குள் தேனீ வராது, வண்டு வராது, காற்றும் கேட்டுக்கொண்டுதான் வரும். அவை பார்க்கிற உத்தியோகத்தை எல்லாம் இவர்தான் பார்க்க வேண்டும். ஆறு கத்தரிச் செடிக்கும் முடித்ததும் பிரஷ்ஷை அணைத்து, அணைந்துவிட்டதா என்று காதருகே வைத்துப் பார்க்கிறார். பிறகு இன்னொரு முறையும் பார்க்கிறார்.

கண்ணாடி அறை வீட்டின் பின்புறம், துணி உலர்த்தும் இடத்தில் பாதியை விழுங்கிக்கொண்டு நிற்கிறது. எங்கோ இடித்த ஓர் அலுவலகக் கட்டடத்தின் பதினோரு ஜன்னல்களால் ஆனது. ஒன்றின் அளவுக்கும் இன்னொன்றின் அளவுக்கும் சம்பந்தம் கிடையாது. உச்சியில் சூடு வெளியேற ஒரு கதவு, அதற்கு ஒரு கயிறு, ஒரு கப்பி, மறுமுனையில் எடைக்கல். சுண்டுவிரலால் இழுத்தால் திறந்துகொள்ளும். "லிஃப்ட்டும் இதேதாங்க. ஒரு பக்கம் ஆளு, மறுபக்கம் கனம். நடுவுல ஒரு கயிறு" என்பார். மனைவி அந்த அறைக்கு வைத்திருக்கும் பெயர் 'சின்ன வீடு'. வந்தவர்கள் முன்னாலேயே, "சின்ன வீட்டுக்குப் போனவரு இன்னும் திரும்பல" என்பாள். வந்தவர்கள் ஒரு கணம் எங்கே பார்ப்பது என்று தெரியாமல் விழிப்பார்கள். அதில் அவளுக்கு ஒரு திருப்தி.

வயது ஐம்பத்து நான்கு. முப்பது வருடமாக லிஃப்ட் பராமரிப்பு. இரும்புக் கயிற்றைத் துணியால் சுற்றிப் பிடித்து ஓடவிடுவார். எங்காவது ஓர் இழை அறுந்திருந்தால் துணி அதில் மாட்டும். துணி மாட்டாத நாளிலும் அவருக்கு நிம்மதி இல்லை. துணிதான் சரியில்லையோ என்று வேறு துணி எடுப்பார். "எல்லாரும் பொத்தானை அமுக்கிட்டுப் போனைப் பாத்துக்கிட்டு நிக்கறாங்க. கயித்தைப் பத்தி நினைச்சுக்கிட்டு நிக்கறது நான் ஒருத்தன்தான்." வேலையில்லாத நாளில் எந்தக் கட்டடத்துக்குப் போனாலும் படிக்கட்டில்தான் ஏறுவார். ஏன் என்று கேட்டால் உடற்பயிற்சி என்பார்.

காலையில் கண்ணாடி அறையைப் பூட்டிவிட்டு ஸ்கூட்டரை எடுப்பார். தெருமுனை வரை போவார். பூட்டினோமா? திரும்பி வருவார். இரண்டாவது முறையும் வருவார். முன்பெல்லாம் மூன்றாவது முறை ஸ்கூட்டர் சத்தம் கேட்டதுமே மனைவி உள்ளிருந்து, "பூட்டியிருக்குங்க! போய்த் தொலைங்க!" என்று குரல் கொடுப்பாள். இப்போது அவளுக்குக் குரல் அவ்வளவு தூரம் எட்டுவதில்லை. ஜன்னல் கம்பியில் கரண்டியால் இரண்டு தட்டுத் தட்டுவாள். இரண்டு தட்டு என்றால் பூட்டியிருக்கிறது என்று அர்த்தம்.

போன வருடம் அவளுக்கு வாயின் உட்புறம் ஒரு கட்டி வந்தது. வெட்டி எடுத்தார்கள், மேற்கொண்டு கதிர்வீச்சு வைத்தியமும் கொடுத்தார்கள். நோய் போயிற்று. போகும்போது எச்சிலையும் ருசியையும் சேர்த்து வாரிக்கொண்டு போயிற்று. எதை வாயில் வைத்தாலும் மண். உறைப்பு மட்டும் நெருப்பு. கஞ்சி ஒன்றுதான் இறங்கியது, அதுவும் அரைக் கிண்ணம். ஒருநாள் கண்ணாடி அறையில் கடைசியாகப் பழுத்திருந்த சிவப்பு இனிப்பு மிளகாய் ஒன்றை, நீளமாய் நுனி கூர்ந்திருக்கும் ரகம், அடுப்பில் சுட்டுத் தோலுரித்துக் கஞ்சியில் மசித்துக் கொடுத்தார். வாயில் வைத்தவள் அப்படியே நிறுத்தினாள். "ஏங்க, இனிக்குதுங்க" என்றாள். நான்கு மாதத்தில் அவள் நாக்குக்கு எட்டிய முதல் ருசி அது. அவர் குழாயைத் திறந்துவிட்டு முகம் கழுவப் போய்விட்டார். ஐம்பத்து நான்கு வயது ஆண்பிள்ளை வேறெங்கே அழுவது?

அந்தப் பழத்தின் விதைகளைத்தான் காகிதத்தில் உலர்த்தி வைத்திருந்து இந்த வருடம் போட்டார். பதினான்கு செடி வந்தது. ஒவ்வொன்றின் முட்டுக்கோலிலும் பழைய லிஃப்ட்டிலிருந்து கழற்றிய மாடிப் பொத்தான் ஒன்றை ஒட்டினார். அந்தக் கட்டடத்துக்காரர்கள் பதின்மூன்றாம் மாடியே வேண்டாமென்று பொத்தானில் விட்டுவிட்டவர்கள். ஆகவே தரைத்தளத்துக்கு ஜி, ஒன்று முதல் பன்னிரண்டு, அப்புறம் பதினாலு. "நம்ம வீட்டுலயும் பதிமூணு வேண்டாங்க. இருக்கற தலைவலி போதும்" என்றார் மனைவியிடம்.

தலைவலி அப்போதே செடிக்குள் ஏறி உட்கார்ந்திருந்தது. அவருக்குத்தான் தெரியாது.

செடிகள் பூவெடுத்த சமயம், விதைக்கடை அம்மாளிடம் தன் கைத்திறனைச் சொல்லிக்கொண்டிருந்தார். மிளகாய்ப் பூவுக்குப் பல் பிரஷ் ஒத்துவராது, படம் வரைகிற மெல்லிய பிரஷ்தான், ஒவ்வொரு பூவாய்த் தடவித் தடவி, போன வருடம் ஒரு பூ வீணாகவில்லை. போன வருடம் மச்சான் கொண்டுவந்து வைத்த இரண்டு கார மிளகாய்ச் செடியைக்கூட விடவில்லை. மனைவியின் தம்பியான அந்த மச்சான், "எல்லாமே இனிப்பா வச்சா வீடு சப்புன்னு போயிடும் மாமா" என்று சொல்லி மூலையில் நட்டுவிட்டுப் போனவை அவை.

விதைக்கடை அம்மாள் நிமிர்ந்து பார்த்தாள். "காரத்துக்கும் இனிப்புக்கும் ஒரே பிரஷ்ஷா தம்பி?"

"ஏன்க்கா?"

"அந்த வருஷக் காய்க்கு ஒண்ணும் ஆகாது. விதைக்குள்ள போய்க் கமுக்கமா உக்காந்துக்கும். அடுத்த வருஷம் அந்த விதை முளைச்சுக் காய்க்கும்போதுதான் அப்பன் யாருன்னு தெரியும்."

அன்றிலிருந்து அவருக்குச் சாப்பாடு இறங்கவில்லை. பதினான்கில் எது? ஒன்றா, நான்கா, எல்லாமுமா? இலையைப் பார்த்தால் தெரியாது, பூவைப் பார்த்தால் தெரியாது. பிடுங்கி எறிந்துவிட்டுப் புது விதை போடலாம்தான். போட்டுப் பழம் சிவக்க ஐந்து மாதம் ஆகும். கடை மிளகாயை வாங்கிச் சுட்டுக் கொடுத்துப் பார்த்தார். "ரப்பர்" என்று ஒரே சொல்லில் ஒதுக்கிவிட்டாள். அவளுக்கு எடையோ நாற்பது கிலோ அறுநூறு கிராம். நாற்பதுக்குக் கீழே போனால் மூக்கு வழியாகக் குழாய் போட்டுவிடுவோம் என்று டாக்டர் சொல்லியிருந்தார். அறுவை முடிந்து இரண்டு வாரம் அந்தக் குழாயோடு இருந்தவள் அவள். "வேற எது வேணா பண்ணச் சொல்லுங்க. குழாய் மட்டும் வேண்டாங்க" என்று அவர் கையைப் பிடித்துக்கொண்டு சொல்லியிருக்கிறாள்.

சரி, விஷயத்தை அவளிடமே சொல்லியிருக்கலாமே? அங்கேதான் சூப் குறுக்கே வந்தது. மூன்று மாதத்துக்கு முன் ஒரு கடையிலிருந்து ஆசையாய் சூப் வாங்கி வந்தார். மிளகுத்தூள் ஒரு சிட்டிகை போட்டிருக்கிறார்கள், அவர் கேட்கவில்லை. முதல் கரண்டியிலேயே அவள் அலறிய அலறலில் பக்கத்து வீட்டுக்காரர் சுவருக்கு மேல் எட்டிப் பார்த்தார். அதன் பிறகு நான்கு நாள் அவள் வாயைத் திறக்கவில்லை. தண்ணீரைத் தவிர ஒன்றும் இல்லை. கிண்ணத்தோடு போனால் உதட்டை இறுக்கி மூடிக்கொண்டு, வேண்டாம் என்று தலையைக்கூட ஆட்டாமல், அவரையே பார்ப்பாள். அந்தப் பார்வையை இன்னொரு முறை வாங்கிக்கொள்ள அவருக்குத் தெம்பில்லை. மிளகாயில் சந்தேகம் என்று ஒரு வார்த்தை காதில் விழுந்தால் போதும், அதையும் ஒதுக்கிவிடுவாள். ஆகவே வாயை மூடிக்கொண்டார். தானே சோதனைக்கூடம் ஆனார்.

கார விஷயத்தில் அவர் பச்சைக் குழந்தை. உறைப்பு உள்ளே போனால் விக்கல் பிடித்துக்கொள்ளும். நாக்கு பொய் சொன்னாலும் விக்கல் பொய் சொல்லாது. எந்தச் செடியில் முதல் பழம் சிவந்தாலும் அதன் நுனியைக் கடிப்பார். கண்ணை மூடிக்கொண்டு அறுபது எண்ணுவார். காரம் சில விருந்தாளிகள் மாதிரி, வாசலில் நின்று யோசித்துவிட்டுத்தான் உள்ளே வரும் என்பது அவருடைய கணக்கு. அறுபது வரை விக்கல் வராவிட்டால் செடி பாஸ். அதற்குப் பிறகு அந்தச் செடியில் பறிக்கிற பழத்தின் காம்பில் மார்க்கர் பேனாவால் செடியின் எண்ணை எழுதி அடுப்படிக் கூடையில் சேர்ப்பார். வராத விக்கலுக்கு முன்யோசனையாய், கத்தரிச் செடியின் அகல இலைக்கு அடியில் ஒரு தம்ளர் பால் ஒளிந்திருக்கும். "அங்க எதுக்குங்க பாலு?" என்று ஒருநாள் கேட்டுவிட்டாள். "பூனைக்கு" என்றார். பூனையே இல்லாத தெரு அது.

பதினொரு செடி பாஸ் ஆயிற்று. பன்னிரண்டும் பதினாலும் இப்போதுதான் பிஞ்சு. ஒன்பதாம் நம்பர் மட்டும் ஒல்லியாய், பச்சையாய், சிவக்க மனமில்லாமல் தொங்கியது. சந்தேகம் முழுக்க அதன் மேல்தான். காலையும் மாலையும் அதன் முன்னால் குந்தி உட்கார்ந்து, திருடனை விசாரிக்கிறமாதிரி பார்த்துக்கொண்டிருப்பார்.

இந்தச் சனிக்கிழமை மதியம் வேலைக்கு நடுவே விதைக்கடைக்குப் போனார். அன்று காலை, லிஃப்ட் கயிற்றைப் பார்க்க வைத்திருக்கும் டார்ச்சை அடித்தபோது கத்தரி இலையின் அடியில் சிவப்பாய்ச் சிலந்திப்பேன் தெரிந்தது. அதற்குத் தெளிக்க வேப்பெண்ணெய் வேண்டும். அம்மாள் எண்ணெயை ஊற்றிக்கொண்டிருக்கும்போது, சோதனையெல்லாம் நல்லபடியாக நடக்கிறது, பதினொன்று பாஸ் என்று கொஞ்சம் பெருமையோடு சொன்னார்.

"எப்படிச் சோதிக்கறீங்க?"

"நுனியைக் கடிச்சுப் பாப்பேன்."

அம்மாள் ஊற்றுவதை நிறுத்தினாள். "நுனில என்ன தம்பி இருக்கு? காரமெல்லாம் காம்புப் பக்கம்ல. உள்ள வெள்ளையா நரம்பு ஓடுது பாருங்க, விதை ஒட்டிக்கிட்டு இருக்குமே, அங்கதான் குடியிருக்கும். கார மிளகாயே நுனில சாதுவாத்தான் இருக்கும்."

 பதினொரு செடியும் ஒரே நொடியில் மறுபடி சந்தேகக் கேஸ். கூடையில் நேற்றுப் பறித்த மூன்று பழம் இருக்கிறது. மணி பன்னிரண்டே கால். அவள் கஞ்சி குடிப்பது ஒரு மணிக்கு. எண்ணெயை மறந்துவிட்டு ஸ்கூட்டரை உதைத்தார். போன் அடித்தது. அவளாக இருக்கும் என்று எடுத்தால் கம்பெனி. நாலு தெரு தள்ளி ஒரு கட்டடம், லிஃப்ட் இரண்டு மாடிக்கு நடுவில் நின்றுவிட்டது, உள்ளே ஆள் இருக்கிறது, பக்கத்தில் இருப்பது நீங்கள்தான்.

உள்ளே ஆள் இருந்தால் மறுபேச்சு கிடையாது. முப்பது வருடத்தில் அந்த ஒன்றை அவர் மீறியதில்லை. வழியெல்லாம் மனைவிக்குப் போன் அடித்தார். மணி அடித்துக்கொண்டே இருந்தது. எட்டு மாடியும் படியேறி மெஷின் ரூமுக்குப் போய், மின்சாரத்தை நிறுத்தி, பிரேக்கைத் தளர்த்தி, கைச்சக்கரத்தைப் பிடித்தார். அதை அவசரப்படுத்த முடியாது. சுற்றச் சுற்ற, உள்ளே இருக்கிறவர் சாண் சாணாகத்தான் மேலே வருவார். ஒரு கையால் சக்கரம், மறுகையால் போன். காவல்காரர் பயந்துபோய், "ரெண்டு கையாலயும் சுத்துங்க சார்" என்றார். மாட்டிக்கொண்டிருந்த வக்கீல் வெளியே வந்ததும் சண்டைக்கு வாயெடுத்தார். லிஃப்ட்காரரின் முகத்தைப் பார்த்துவிட்டு, "உங்க வீட்டுல யாருக்காவது ஏதாவதா?" என்று கேட்டார்.

வீட்டு வாசலில் ஸ்கூட்டரை நிறுத்தும்போது மணி ஒன்றே முக்கால். ஜன்னலில் கரண்டிச் சத்தம் இல்லை.

அடுப்படியில் போன் அலமாரி மேல் சத்தம் அணைத்துச் சார்ஜில் கிடந்தது. மேஜையில் சிவப்பு மசித்த கஞ்சி, ஒரு கரண்டி குறைந்து. அவள் தொட்டியின் மேல் குனிந்து, வாயில் தண்ணீரை வைத்துக்கொண்டு நின்றாள். துப்பினாள், மறுபடி வைத்துக்கொண்டாள். கண்ணிலிருந்து வடிந்துகொண்டிருந்தது. தட்டில் சுட்ட தோலும் ஒரு காம்பும் கிடந்தன. காம்பில் அவர் கையெழுத்தில் ஆறு. ஒன்பதாம் நம்பரைக் காலையும் மாலையும் விசாரித்தாரே, அது பாவம் இன்னும் பச்சையாய்த் தொங்கிக்கொண்டிருக்கிறது.

அவர் பாலை எடுத்து நீட்டினார். அவள் வாங்கி, வாயில் வைத்திருந்து, மெல்ல விழுங்கினாள். நாற்காலியில் உட்கார்ந்தாள். உதடுகள் இறுகி மூடிக்கொண்டன. அதே பார்வை.

அவர் தட்டிலிருந்த ஆறாம் நம்பர் காம்பில் ஒட்டியிருந்த வெள்ளை நரம்பையும் சதையையும் எடுத்துத் தன் வாயில் போட்டு மென்றார். எண்ண ஆரம்பிக்கும் முன்பே விக்கல் வந்துவிட்டது. விக்கலோடு விக்கலாகச் சொன்னார். பிரஷ்ஷைச் சொன்னார், மச்சான் வைத்த செடியைச் சொன்னார், நுனியைக் கடித்து அறுபது எண்ணியதைச் சொன்னார், பூனைக்கு வைத்த பாலையும் சொன்னார். சொல்லிவிட்டு, "தெரிஞ்சா நீ இதையும் விட்டுடுவியேன்னு பயந்துட்டேன்" என்றார்.

அவள் இன்னொரு வாய் பால் குடித்தாள். பிறகு கரகரத்த குரலில், ஒவ்வொரு சொல்லாக எடுத்து வைத்தாள். "எனக்கு நாக்குதான் போச்சு. காது நல்லாத்தான் இருக்கு. சொல்லியிருக்கலாம்ல?"

அவரிடம் விக்கல்தான் இருந்தது.

"திங்கக்கிழமை எடை பாக்கறாங்க" என்றாள் அவள். அது பயமா, சலிப்பா, கோபமா என்று அவருக்குப் பிடிபடவில்லை. மூன்றும்தான். உதடு மறுபடி மூடிக்கொண்டது.

கூடையில் இன்னும் இரண்டு பழம் இருந்தன. ஒன்றில் நான்கு, ஒன்றில் பதினொன்று. அவர் பதினொன்றை எடுத்தார். கடிக்கப் போய் நின்றுவிட்டார். "இப்ப கடிச்சா எப்படித் தெரியும்? விக்கல் ஏற்கெனவே ஓடுதே" என்றார். அவள் தன் பால் தம்ளரை அவர் பக்கம் தள்ளினாள். மிச்சத்தைக் குடித்தார். இரண்டு பேரும் மேஜையின் இரு பக்கமும் உட்கார்ந்து விக்கல் நிற்பதற்காகக் காத்திருந்தார்கள். பின்பக்கம் கண்ணாடி அறையில் சூடு ஏறிக்கொண்டிருக்கும், மேல் கதவைத் திறக்க வேண்டும், அவர் எழவில்லை. ஒரு விக்கலுக்கும் அடுத்ததற்கும் இடையே முதலில் பத்து நொடி. அப்புறம் அரை நிமிடம். பிறகு வரும் வரும் என்று பார்த்தார்கள், வரவில்லை.

பதினொன்றைப் பிளந்து, காம்புப் பக்கம் வெள்ளை நரம்பும் விதையுமாய் ஒரு கடி கடித்தார். கண்ணை மூடிக்கொள்ளவில்லை. அவளைப் பார்த்துக்கொண்டே வாய்விட்டு எண்ணினார். அவள் அவருடைய தொண்டைக் குழியையே பார்த்துக்கொண்டிருந்தாள். இருபதில் ஒருமுறை எச்சில் விழுங்கினார். ஒன்றுமில்லை. நாற்பது. அதற்கு மேல் ஒவ்வொரு எண்ணாக நிறுத்தி நிறுத்தி எண்ணிக்கொண்டே அடுப்பைப் பற்றவைத்து மீதிப் பழத்தைச் சுட்டார். விரல் சுட்டது தெரியாமல் தோலை உரித்தார். புதுக் கிண்ணத்தில் கஞ்சி ஊற்றி மசித்தார். ஐம்பத்தைந்து. கரண்டியில் எடுத்தார்.

"அம்பத்தேழு. அம்பத்தெட்டு."

அவர் அறுபது சொல்லவில்லை. அதற்குள் அவள் வாயைத் திறந்திருந்தாள்.